சலுகை யாருக்கு?

ஆண்டுச் சந்தாவை மொத்தமாகச் செலுத்துவோருக்கு நாடகச் சீட்டு மலிவு. ஒரேயொரு நாடகம் பார்க்கக் காசு சேர்த்து வருபவனுக்கு முழுவிலை. வணிக முறைதானே என்று கடந்துபோகிறோம். முன்பணம் யார் கையில் இருக்கிறது?

1891 இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அச்சபை விக்டோரியா பொது மண்டபத்தில் நாடகங்கள் நடித்தது. கற்றோர் மேடையேறினர், கூத்தாடி என்ற இழிசொல்லின் வலு குறைந்தது. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும், பின்வந்த சபாக்களில் சந்தாதாரரின் சுவையே நாடகத்தின் அளவுகோலாயிற்று. அவர் வீட்டுக் கூடமே பெரும்பாலும் மேடையில் எழுந்தது. நாட்கூலிக்காரன் அரங்குக்கு வரவில்லை; அவன் துயரும் மேடைக்கு அரிதாகவே வந்தது.

எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில், "கூத்துக்குச் சீட்டு ஏது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கோயில் வீதியில் யார் எங்கே இருப்பது என்பதைச் சாதி தீர்மானித்ததே! ஆலயத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவனைத் தடுப்பது குற்றமென்று சொல்ல 1957 இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பிறப்பைக் கேளாத சீட்டு அந்த அளவில் ஒரு முன்னேற்றமே.

பண்டைய ஏதென்சு, வறிய குடிமகனின் நாடகச் செலவைப் பொதுநிதியிலிருந்து கொடுத்தது. (அடிமைக்கு அது இல்லை என்பதையும் மறக்கலாகாது.)

விளக்குக்கும் வேடத்துக்கும் முன்கூட்டியே பணம் தேவை என்பர் மண்டபத்தார். தேவைதான். அப்படியாயின் சந்தாதாரர் தருவது கடன். அவர் பெறும் கழிவு அதற்கு வட்டி. அந்த வட்டியைக் கட்டுபவன், ஒற்றைச் சீட்டுடன் பின்வரிசையில் இருப்பவன்.