கேட்காமல் விழுங்கும் தாயத்து

மலேசியாவின் தம்போய்க் கடைவரிசையில் ஒரு மருந்தகம். இரவு எட்டரை மணி. சிங்கப்பூரில் வேலை முடித்து, பாலத்து நெரிசலைத் தாண்டி வந்த களைப்போடு ஒருவர் உள்ளே வருகிறார். ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பல்லு வலி, தங்கச்சி. அந்தச் சிவப்பு மஞ்சள் கேப்சூல் பத்து குடு.”

“டாக்டர் சீட்டு இருக்கா, அண்ணே? வீங்கியிருக்கா? காய்ச்சல் அடிக்குதா? முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?”

“மருந்து கேட்டா வக்கீல் மாதிரி கேள்வி கேக்குறே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த ஆளாக நின்ற நான், மருந்தாளரான அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வியாபாரத்தை இழந்து ஒரு கடமையைச் செய்திருக்கிறாள். வரிசையில் நின்ற ஒருவரும் அவள் பக்கம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது.

1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கிய காலம் தொட்டு, ஏன், எதற்கு என்று கேட்கும் மரபு ஒன்று இந்நாட்டுத் தமிழரிடம் உண்டு. நான் அதில் வளர்ந்தவன். மந்திரித்த கயிற்றையும் தகட்டையும் எதிர்த்துப் பேசியிருக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ‘எனக்குக் கேட்டுச்சு’ என்று நீட்டும் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, நம் உடம்புக்கு ஆகுமா என்று எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் விழுங்கிய மாத்திரையும் தாயத்துதான். தாயத்து கையோடு நின்றுவிடும். இது இரத்தத்தில் கலக்கும்.

மலேசியாவில் மருந்து விற்பனையை ஆளும் முக்கியச் சட்டத்தின் பெயரே 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம். மலாயில் ‘அக்தா ராச்சுன்’. கண்ணாடிப் பேழைக்குள் அழகாக அடுக்கியிருக்கும் மாத்திரைகளில் பலவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் நஞ்சு. ‘பி’ பிரிவு மருந்தைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதில்தான் வருகின்றன. ‘சி’ பிரிவை மருந்தாளரே நோயாளியை விசாரித்துக் கொடுக்கலாம். ஆனால் பெயர், முகவரி, மருந்து, அளவு எல்லாவற்றையும் ஏட்டில் பதிய வேண்டும். இந்த மருந்துகளைக் கடையில் விற்கும் உரிமம் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பெயரில்தான் வரும். அவர் சாப்பிடப் போயிருந்தால், அவர் வரும்வரை அந்த மருந்துகள் கைமாறக் கூடாது. ஆக, அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சட்டம் அவளிடம் ஒப்படைத்த வேலை. அதைத்தான் அவமானம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

என் அப்பாவுக்கு முழங்கால் வலி. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஒருவர் வேரும் இலையும் படம் போட்ட டப்பாவில் கேப்சூல் விற்றார். எல்லாம் மூலிகை, பக்க விளைவே கிடையாது என்றார். நான்கே நாளில் அப்பா மாடிப்படி ஏறினார். பசி எடுத்தது. முகம் உப்பிப் பளபளத்தது. “அப்பா தெம்பாயிட்டாரு” என்று வீடே பூரித்தது. மூன்றாம் மாதம் டப்பா தீர்ந்தது, விற்றவரையும் காணவில்லை. அடுத்த வாரமே அப்பா குளியலறையில் சுருண்டு விழுந்தார். சர்க்கரை எகிறியிருந்தது. மருத்துவர் அந்த உருண்ட முகத்தைப் பார்த்ததுமே, “நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிட்டாரா?” என்று கேட்டார். மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் பழக்கம் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டீராய்டு வலியை அமுக்கும், பசியைத் தூண்டும், எலும்பை அரிக்கும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துபோகும். திடீரென நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். நாங்கள் பூரித்த தெம்பு அதுதான்.

அந்த டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இல்லை. 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி இங்கே விற்கும் மருந்து ஒவ்வொன்றுக்கும் அந்த எண் வேண்டும். இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து ‘ஏ’ என்றால் நச்சுப்பொருள் பட்டியலில் உள்ளது, ‘எக்ஸ்’ என்றால் அந்தப் பட்டியலில் இல்லாத, சீட்டின்றி வாங்கக்கூடிய மருந்து, ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. ‘டி’ போட்டதற்குப் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்திருப்பார்கள். நோயைத் தீர்க்கும் என்று யாரும் நிரூபித்ததாக அதற்குப் பொருள் இல்லை.

1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் இருபது நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யாதே என்கிறது. இனிப்பு நீர், புற்றுநோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, வலிப்பு, மனநோய் எல்லாம் அதில் உண்டு. இதே தம்போயில்தான் 1930களில் எழுந்த பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது. ‘தம்போய்க்கு அனுப்பணும்’ என்று பிறரை ஏசுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஏசத் தெரிந்த நாம், பிள்ளைக்கு மனம் பேதலித்தால் முதலில் பூசாரியைத் தேடுகிறோம். அதே பட்டியலில் உள்ள இனிப்பு நீரையும் பாருங்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியரில் 31.4 விழுக்காடு. ‘மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளி நம் வீட்டுக்குத்தான் வருகிறது.

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது பெட்டி நிறைய மாத்திரையும் இருமல் மருந்தும் கொண்டுவருகிறோமே, அதையும் பேச வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் எனும் நஞ்சு இருந்தது. அதையும் மருத்துவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே கேள்வி கவுண்டரோடு நின்றுவிடக் கூடாது. தயாரிப்பவர், சோதிப்பவர், எழுதிக் கொடுப்பவர் எல்லாரையும் கேட்க வேண்டும். இங்கே பதிவான மருந்தில் கோளாறு என்றால், எண்ணை வைத்துக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வழி உண்டு. நம் பெட்டியில் வந்ததை யார் தேடி வருவார்?

இங்குள்ள ஏற்பாட்டையும் கேட்டே ஆக வேண்டும். தனியார் கிளினிக்கில் மருந்தை எழுதுபவரே விற்கவும் சட்டம் இடம் தருகிறது. தென்கொரியா 2000ஆம் ஆண்டிலேயே இரண்டையும் பிரித்துவிட்டது. மலேசியாவும் பிரிக்க வேண்டும் என்பதே என் கருத்து. எழுதும் கையை இன்னொரு கண் சரிபார்க்க வேண்டும். விலையையும் கேட்க வேண்டும். 2025 மே 1 முதல் கிளினிக்குகளும் மருந்தகங்களும் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மே 6ஆம் தேதி மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டு எதிர்த்தார்கள். வணிகச் சட்டத்தைக் கொண்டு மருத்துவத்தை ஆளாதே என்பது அவர்கள் வாதம். வாதம் இருக்கட்டும், நோயாளிக்கு விலை தெரிய வேண்டும்.

நல்லவர்களே, இன்று இரவு உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதிவெண் இல்லாததை, பெயர் அழிந்ததை, யாரோ கொடுத்ததை ஒரு பையில் போட்டு, நாளைக்கு மருந்தகத்துக்கு எடுத்துப் போய் ‘இது என்னம்மா?’ என்று கேளுங்கள். அந்தப் பெண் திருப்பிக் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்.