உயிர்ப்பலி கண்ட பின்னரோ சட்டம்?

ஒரு தீங்கினால் இன்னும் எவரும் மாளவில்லை என்பது, அதனைத் தடுக்க விதி செய்யாதிருத்தற்குப் போதிய காரணமாகுமா? இக்கேள்வியை நாம் ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கரியமில வாயுவைக் கொண்டு செல்லும் குழாய்களைப் பற்றி எழுந்த வாதமே இதனை நம் முன் நிறுத்துகிறது.

மூச்சுதோறும் நாம் வெளிவிடும் வாயுவில், சோடா நீரில் விரும்பிப் பருகும் வாயுவில், அஞ்சுதற்கு என்ன உண்டு என்று கேட்பாருமுளர். காற்றினும் கனமானதாகலின், பெருமளவில் வெளிப்பட்டால் அது எளிதில் மேலெழுந்து கலையாது. நீர்போல் பள்ளம் நோக்கித் தவழ்ந்து, உயிர்க்காற்றை அகற்றி நிற்கும். அதற்கு நிறமில்லை, எச்சரிக்கும் நாற்றமுமில்லை. 1986-இல் ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டில், நியோஸ் ஏரியினின்று இயற்கையாகப் பொங்கிய இவ்வாயு ஓரிரவில் ஏறத்தாழ 1,700 மக்களை மாய்த்தது.

2020 பிப்ரவரி 22 அன்று, மிஸிஸிப்பி மாகாணத்தில் ஸடார்ஷியா என்னும் சிற்றூருக்கருகே 24 அங்குலக் குழாயொன்று வெடித்தது. மோட்டார் வண்டிகள் எரிதற்குரிய காற்றின்றி நடுவழியில் நின்றன. சிலர் வண்டிக்குள்ளேயே மயங்கிக் கிடந்தனர். சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையை நாடினர். ஒருவரும் இறக்கவில்லை. கம்பெனி முன்னர்ப் போட்டிருந்த கணக்கிலோ, வாயு அவ்வூரை எட்டுமென்றே குறிக்கப்படவில்லை!

பெருமழையால் மண் சரிந்ததே காரணமென்றது விசாரணை. மேனாட்டுச் சட்ட வழக்கில் இத்தகையவற்றிற்குக் 'கடவுள் செயல்' என்றொரு பெயருண்டு. நம்மவரின் தலைவிதிக்கு இது உடன்பிறப்பு. கோட்டும் தொப்பியும் அணிந்த தலைவிதி. மழை பெய்யும், சரிவில் மண் நகரும் என்பவை குழாய் புதைப்போர் அறியக்கூடாத தெய்வ ரகசியங்களோ?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1988-இல் காங்கிரஸ் சபை இட்ட ஆணையின்படி, 1991-இல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது. அவ்விதி, வாயுவென்றும் திரவமென்றும் பிரிக்கவியலாதபடி மிகுந்த அழுத்தத்தில் செல்லும் பொருளுக்கே உரியது. வெறும் வாயுவாகச் செல்வது அதற்குப் புறம்பு. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வாயுநிலைக்கும் விதி செய்யப் பணித்தது. அதற்கான வரைவு வெளிவந்ததோ 2025 ஜனவரியில். ஆட்சி மாறிய சில நாட்களில் அதுவும் மீட்டுக்கொள்ளப்பட்டது. மூச்சுத் திணறுகிறவன், தன் நெஞ்சை அடைப்பது எந்நிலைப் பொருளென்று கேட்பானா? ஸடார்ஷியாக் குழாயாவது விதிக்கு உட்பட்டது. உட்படாத குழாய்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

புவி வெப்பத்தைத் தணிக்கக் கரியமில வாயுவை நிலத்தடியில் புதைத்தல் வேண்டும், விதிகள் பெருகினால் அப்பணி தாமதமாகும் என்பர். நோக்கம் நன்றே, நாம் மறுக்கவில்லை. (ஆயின் அந்நாட்டுக் குழாய்களில் நெடுங்காலமாகப் பெரும்பகுதி சென்றது, பழைய கிணறுகளிலிருந்து மேலும் எண்ணெய் பிதுக்குதற்கே.) உலக நன்மைக்காக ஒருவன் தன்னுயிரைப் பணயம் வைப்பது தியாகம். அவனைக் கேளாமல் அவன் உயிரைப் பிறர் வைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. இலாபம் ஓரிடத்திலும் அபாயம் வேறிடத்திலும் இருக்கும்போது, 'செலவு மிகும்' என்னும் சொல்லை யார் சொல்கிறார் என்று பார்த்தல் வேண்டும்.

2023-இல் அக்கம்பெனி 28 இலட்சம் டாலருக்கு மேல் அபராதம் செலுத்த உடன்பட்டது. அன்றிரவு மீட்கச் சென்றவர்களுக்கோ, வெளிப்பட்டது எவ்வாயு என்பதைக் கம்பெனி முந்திக்கொண்டு சொல்லவில்லை. அவர்கள் ஊகித்தே அறிய வேண்டியதாயிற்று. அந்த ஒரு சொல்லைச் சொல்லுதற்கு எத்தனை டாலர் செலவாகியிருக்கும்?