மறைத்தல் பொய்யாமோ?

பொய் என்பது நாவின் குற்றமோ, நெஞ்சின் குற்றமோ என்னும் வினா பழையது. யானும் நாற்பதாண்டாக மாணாக்கர்க்கு இதனைப் பாடஞ் சொல்லி வந்தேன். பாடஞ் சொல்வது வேறு, அவ்வினாவே ஒருநாள் வாயிலில் வந்து நின்று விடை கேட்பது வேறு. அங்ஙனங் கேட்ட நாளில் யான் கூறிய விடை பிழைபட்டது. அப்பிழையையும், ஒரு மீன்பிடி படகின் தளம் அதனைத் திருத்திய வகையையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன். படகும் பலகையும் இவ்விதழுக்கு உரிய பொருளாமோ என ஐயுறும் அன்பர்கள் சற்றே பொறுத்து வாசிப்பாராக.

நாகப்பட்டினத்தில், இளமையில் என்னிடம் இலக்கணம் பயின்ற ஒருவர் விசைப்படகு ஒன்றற்கு உரியவராயிருக்கின்றார். அதிபத்த நாயனார் தோன்றிய துறையிற் பிறந்தவர். அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் அவர் தந்தையாரின் படகு சிதைந்தொழிந்தது. அடுத்த ஆண்டில் அம்முதியவர் கடன்பட்டுக் கட்டிய மரப்படகே இப்பொழுது மகன்பால் உள்ளது. மரத்தின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி மூடிய படகு அது. துறையில் அப்பூச்சினைப் பைபர் என்பர்.

கீழைக்கடலில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடித்தல் ஆகாது என்பது அரசாணை. 2001 இல் 45 நாளாகத் தொடங்கிய அத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. மீனினங் கருவுற்றுப் பெருகுதற்பொருட்டு விதித்த அவ்விடைக்காலத்தே படகுகளைக் கரையேற்றி ஓடாவிகளைக் கொண்டு பழுது பார்த்தல் வழக்கம். அத்தகைய ஒரு வைகாசியில் அவர் என்பால் வந்தார்.

வந்த காரியம் இது. அமரத்திற்கு முன்னே, சுக்கான் பிடிப்போனும் வலை வாங்குவோரும் நின்று தொழில் செய்யுந் தளம் மெத்தென்றாயிற்று. மிதித்தால் அடி அமுங்குகின்றது. ஓடாவி இருவழி கூறினான். ஒன்று, தளத்தை முற்றும் பெயர்த்துக் கீழுள்ள சட்டங்களைப் பார்த்து, கெட்டன நீக்கிப் புதிது வைப்பது. மற்றொன்று, பழைய தளத்தின்மேலேயே ஒட்டுப்பலகை விரித்துப் பைபர் பூசி முடிப்பது. முன்னதற்குப் பொருளும் காலமும் மிக வேண்டும். பின்னது நாலைந்து நாளில் முடியும். இவரோ, மகளின் கல்விச் செலவின்பொருட்டுப் படகை விற்க எண்ணியிருந்தார். “வாங்குவோர் தளத்தின் கீழ் எவ்வாறுளது என்று வினவினாலன்றி யான் வாய்திறவேன், வினவினாற் பொய் சொல்லேன். இதன்கண் குற்றமுண்டோ, ஐயா?” என்றார்.

யான் விரைந்து விடை கூறினேன். பொய்ம்மை சொல்லின்கண் நிகழ்வது. சொல் நிகழாவழிப் பொய் நிகழுமாறில்லை. மேலும், கீழுள்ள சட்டங்களின் நிலையை நீர் கண்டீரல்லீர். காணாததொன்றைக் கூறாமை மறைத்தலாகாது. இவ்வாறு இரண்டு ஏதுக் காட்டினேன். அவர் முகந் தெளிந்து வணங்கிச் சென்றார். அத்தெளிவே எனக்கு உறுத்தலாயிற்று. அறநூல் கேட்டார் ஒருவர் தாம் செய்ய விரும்பியதையே செய்யுமாறு இசைவு பெற்று மகிழ்ந்து செல்வராயின், கூறினோன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் தகும். மூன்றாம் நாள் பேருந்தேறித் துறைக்குச் சென்றேன்.

படகு கட்டைகளின்மேல் நின்றது. தளம் பார்வைக்குச் செவ்வையாகவே இருந்தது. பைபரின் பளபளப்பு அங்கங்கே மங்கியதன்றி வெடிப்பும் இல்லை. ஓடாவி சுத்தியலின் பிடியால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். ஓரத்தில் ‘டக்கு டக்கு’ என்று இறுகிய ஓசை. நடுவே வரவர அது ‘பொத்து பொத்து’ என்று செத்த ஓசையாயிற்று. வலை இழுக்கும் வின்ச்சின் அடியைச் சுற்றி ஒரு பாய் அளவிற்கு அவ்வோசையே. திருகாணி ஒன்றைக் கழற்றி அத்துளையிற் சிறு துளைகருவியைச் செலுத்தி எடுத்தான். வெளிவந்த தூள் கறுத்து, ஈரமாய், புற்றுமண்போற் கையில் ஒட்டிற்று. “கடல் தண்ணி மரத்தைக் காக்கும், ஐயா. மழைத்தண்ணியும் ஐஸ் உருகின தண்ணியுந்தான் மரத்தைத் தின்னும்” என்றான்.

அவன் கூற்று மெய்யே. உப்பு மக்கற்பூஞ்சைக்குப் பகை. நன்னீர் அதற்கு உணவு. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் கீழ் நிற்குமாயின் அப்பூஞ்சை வளர்தல் இல்லை. திருகாணி புகுந்த துளை வழியே ஒழுகிய நீர், மேலே பைபர் மூடியிருத்தலால் உலர வழியின்றி உள்ளேயே தங்கும். வெறுமரமாயின் வெயிலில் உலரும், அன்றேற் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். காத்தற்பொருட்டுப் பூசிய பூச்சே கேட்டினை வளர்த்து அதனை மறைத்தும் நிற்கின்றது.

இங்கு என் நெஞ்சிற்கு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மல நிலை கூறுமிடத்து அருளிய வேறுபாடு தோன்றிற்று. புற இருள் பிற பொருள்களை மறைப்பினும் இருளெனத் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது ஆண்டுப் பெறப்படுவது. வெறும்பலகையின் கேடு புற இருளை ஒக்கும்; மூடிய பலகையின் கேடு மற்றதனை ஒக்கும். உவமை இவ்வளவிற்கே. மலம் அநாதி, இக்கேடோ ஒரு திருகாணித் துளையிற் றொடங்கியது. மலம் வலி கெடுவதன்றி அழிவதில்லை. மக்கிய சட்டமோ பெயர்த்தெறியப்படுவது. உவமையை முழுதும் ஒட்டவைத்து இடர்ப்படுவாரை யான் கண்டிருக்கின்றேனாதலின் இதனைச் சொல்லி வைத்தேன்.

இனி, யான் கூறிய ஏதுக்களைப் பார்ப்போம். ‘நீர் கண்டீரல்லீர்’ என்றது முதலில் வீழ்ந்தது. சித்தியார் அளவையிற் காண்டலோடு கருதலும் உரையும் உளவன்றோ? புகை கண்டு தீயுணர்வான் ஒருவன், செத்த ஓசையுங் கறுத்த தூளுங் கண்டு மரத்தின் கேட்டினை உணரானோ? வல்லான் ஒருவனது உரையும் உடனிருந்தது. மிதிக்குந்தோறும் அமுங்கிய தளத்தை நாடோறும் மிதித்தவர் என் மாணவர். அவர்க்கு இருந்தது அறியாமையன்று, அறிய விரும்பாமை. அவ்விரண்டனையும் ஒன்றாக்கி அவர்க்கு நிழல் செய்து கொடுத்தவன் யான்.

‘சொல் நிகழாவழிப் பொய் நிகழாது’ என்ற மற்றை ஏதுவை வீழ்த்தியது இலக்கணமே. பொருள் வெளிப்படையானும் குறிப்பானும் தோன்றும் என்று அவர்க்குக் கற்பித்தவன் யானே. புதுப்பலகை விரித்து, பிசின் பூசி, மெருகேற்றிய தளம் வாங்கவந்தானுக்கு யாது குறிக்கும்? ‘அண்மையிற் செப்பஞ் செய்யப்பட்டது, திடமானது’ என்று குறிக்கும். வாய் மூடியிருப்பினும் தளம் பேசும். அப்பேச்சுப் பொய்.

வாங்குவோன் தானே தட்டிப் பார்த்துக்கொள்க என்பாரும் உளர். சந்தையில் அது பெருவழக்கு. அவ்வழக்கை யான் முற்றும் இகழ்கின்றேனல்லேன். இருபதாண்டுப் படகின் குறையனைத்தையும் பட்டியல் செய்து ஒப்பித்தல் விற்போன்மேற் கடனாயின் ஒருவரும் ஒன்றும் விற்றல் இயலாது. மெத்தென்ற தளத்தோடு உள்ளபடியே படகை நிறுத்தி ஒன்றுஞ் சொல்லாதிருப்பாராயின், அது சிறப்பன்றாயினும், வாங்குவோன் காலே அவனுக்கு அறிவித்துவிடும். மேலே ஒரு தளம் விரித்தபின் நிகழ்வது வேறு. அடி அமுங்காது, தட்டினால் மேற்பலகையின் இறுகிய ஓசை கீழ்ப்பலகையின் ஓசையைக் கெடுத்துவிடும். அறிவியாமை ஒன்று, அறியுங் கருவியையே பிறனிடத்தினின்று பறித்துக்கொள்ளுதல் பிறிதொன்று. யான் இவ்விரண்டிற்கும் இடையே கோடு கிழியாது விடை கூறினேன்.

இன்னும் ஒன்று. விற்போனும் வாங்குவோனும் விலை பேசுவர். அத்தளத்தில் நிற்போரோ பங்கிற்குத் தொழில் செய்யுங் கூலியாளர். விலை பேசுங்கால் அவர்கள் உடனில்லை. நனைந்த வலையும் மீனும் ஏற்றி வடம் முறுகி இழுக்கும்போது அவ்விழுப்பு முழுவதும் வின்ச்சின் அடியாணிகளிற் சென்று தங்கும். ஆணி மக்கிய மரத்திற் பற்றுமோ? பெயர்ந்து வரும் இரும்பும் அறுந்து வீசும் வடமும் விலைச்சீட்டில் யார் பெயருளது என்று பார்ப்பதில்லை.

இவற்றைப் படகடியிலேயே அவரிடம் சொன்னேன். என் முன்னை விடை தவறு என்பதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “தளத்தைப் பெயர்த்துவிட்டால் அப்பா வைத்த பலகை என்று காட்ட இதில் என்ன மிஞ்சும்?” என்றார். யவன நாட்டு ஏதேன்சு நகரத்தார் தீசியசு என்னும் தம் வீரனது முப்பது துடுப்புக் கப்பலை, பழம்பலகை கெடக்கெடப் புதுப்பலகை வைத்துப் பன்னெடுங்காலம் பேணினர் என்றும், அது அக்கப்பலேயோ அன்றோ எனத் தருக்கிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க்கு எழுதி வைத்துள்ளான். பெயர்த்த பழம்பலகைகளை ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டுவானாயின் இரண்டனுள் எது தீசியசின் கப்பல் என்று 1655 இல் ஆபிசு என்னும் ஆங்கில ஆசிரியர் மேலும் ஒரு முடிச்சிட்டார். வேறொரு காலாயின் இவ்வாதத்தில் யான் மனமுவந்து புகுவேன். அன்று புகவில்லை. விற்கப் போகும் படகில் தந்தையாரின் பலகையைத் தேடுதல், பெயர்த்தலைத் தள்ளிப்போட மனம் தேடிய ஒரு சாக்கு என்று மட்டும் கூறினேன். சற்றுக் கடுமையாகவே கூறிவிட்டேன் போலும்.

மறுநாள் தளம் பெயர்க்கப்பட்டது. குறுக்குச் சட்டங்கள் ஒன்பதனுள் மூன்று மக்கியிருந்தன. வின்ச்சின் கீழ்ச் சட்டம் கையாற் பிய்த்தெடுக்கத் தக்கதாயிருந்தது. அவற்றை மாற்றி, உலரவிட்டு, ஒட்டுப்பலகையின் வெட்டுவாய்களை முதலிற் பிசினூட்டி அடைத்தான் ஓடாவி. மரம் நீர் குடிப்பது வெட்டுவாய் வழியே. ஆணித்துளைகளைப் பெரிதாகத் துளைத்துப் பிசினால் நிரப்பி, அது கல்லானபின் அதனுள்ளே மீண்டும் சிறிதாகத் துளைத்தான். அங்ஙனஞ் செய்தால் ஒழுகும் நீர் மரத்தைத் தீண்டாது. மலிவான பாலியெசுட்டர்ப் பிசின் மரத்தினின்று நாளடைவில் உரிந்துவிடும் என்று கூறி எப்பாக்சியே வேண்டுமென்று நின்றான். நீர் தங்காதபடி அமரத்தை நோக்கிச் சற்றே சரிவும் வைத்தான்.

சூன் 15 ஆம் நாள் துறையிலிருந்த படகுகள் கடலேறின. இவர் படகு கரையிலேயே நின்றது. வாங்க வந்தவரிடம் இவர் மக்கிய சட்டங்களை எடுத்துக் காட்டி நிகழ்ந்தது கூறினார். அவரோ, “மேலே மூன்று இப்படியென்றால் கீழே வங்குகள் எப்படியோ?” என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டார், அவ்விலைக்கே படகு போயிற்று. பூசி மூடியிருந்தால் முழு விலையும் வந்திருக்கும் என்பதை அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். மனவருத்தத்தோடு சொன்னாரல்லர், கணக்காகச் சொன்னார். யாது விடை கூறுவதென்று எனக்குத் தோன்றவில்லை. கல்லூரிக் கட்டணத்தில் குறைந்ததற்கு மனைவியின் நகையை அடகு வைத்தார் என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.