மண்ணும் சக்கரமும் வனைபவரும்

பானை ஒன்று உண்டாக மூன்று காரணங்கள் வேண்டும் என்கிறது சைவ சித்தாந்தம். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். மாயையிலிருந்து, சத்தியைத் துணையாகக் கொண்டு, சிவன் உலகத்தைத் தோற்றுவிக்கிறான் என்பதை விளக்க எடுத்தாளப்படும் உவமை இது. வடமொழித் தருக்க நூல்களிலும் இதே குயவர் வருகிறார். ஆனாலும் பெண்ணையாற்றுப் பகுதியில் இந்த உவமைக்குத் தனி நெருக்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் தந்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் அங்கேதான் இருக்கிறது. அதே ஆற்றின் நீர்தான் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுவையின் பாகூர் ஏரிக்கு வருகிறது.

உவமையில் வரும் குயவரின் தொழிலே மாறும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது? புதுவையின் வில்லியனூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. பிள்ளையார்குப்பத்தைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சோற்றுப் பானையும் குடமும் சட்டியும் குயவர் வீட்டுக்குச் சோறு போட்டன. அலுமினியமும் எவர்சில்வரும் அவற்றை அடுக்களையிலிருந்து வெளியேற்றின. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் என்று பருவத்துக்கு ஒருமுறை வரும் தேவை மட்டும் மிஞ்சியது. மற்ற நாட்களுக்குப் பொம்மையும் சிலையும் அலங்காரப் பொருளும்தான் வழி.

பானை செய்த கை பொம்மை செய்வது தொழிலைக் கைவிடுவதாகுமா? சித்தாந்தம் ஏற்கும் சற்காரிய வாதம் இதற்கு நேராகவே விடை சொல்கிறது. இல்லாதது தோன்றாது, பானை தோன்றுமுன்பே மண்ணில் சூக்குமமாக இருக்கிறது. அப்படியானால் யானையும் குதிரையும் விளக்கும் அதே மண்ணில் இருந்தவைதாம். பானைக்கு மட்டும் மண்ணின் மீது தனி உரிமை கிடையாது.

சக்கரத்தின் கதை இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பழைய சக்கரம் தரையோடு கிடக்கும், கனமானது. விளிம்பில் உள்ள குழியில் கோலைக் கொடுத்துச் சுழற்றிவிட்டு, அந்த ஓட்டம் ஓய்வதற்குள் மண்ணை எழுப்பி வாய் விரித்துவிட வேண்டும். வேகம் தளரத் தளர விரலின் அழுத்தமும் தளரும். பிறகு நூலால் அறுத்தெடுத்து, சற்று உலரவிட்டு, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டினால்தான் பானைக்கு வயிறு வரும். மோட்டார் வைத்த சக்கரமோ ஒரே வேகத்தில் நிற்காமல் ஓடும். கதர் கிராமத் தொழில் ஆணையம் குயவர்களுக்கான திட்டம் ஒன்றின் வழியாக 2018 முதல் நாட்டின் பல பகுதிகளில் மின்சக்கரங்களை வழங்கி வருகிறது.

துணைக்காரணம்தானே, மாறினால் என்ன என்று கேட்கலாம். முதுகு வளைந்து மூட்டு தேய்ந்தவருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் சார்ந்ததன் வண்ணம் ஆவது உயிரின் இயல்பு என்பதும் அதே சித்தாந்தத்தின் கொள்கை. நாற்பது வருஷம் கோல் பிடித்த கை அந்தச் சக்கரத்தின் தளர்ச்சியைத் தன் அறிவாகவே ஆக்கிக்கொண்டது. கருவி மாறும்போது அந்த அறிவும் இன்னொரு முறை பழக வேண்டியிருக்கிறது. புதுச் சக்கரத்தில் முதல் சில வாரம் பானை கோணிப்போனால் அது பிடிவாதமோ சோம்பலோ அல்ல. ஒரு வாரப் பயிற்சியோடு எல்லாம் முடிந்ததென்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நிமித்த காரணமும் மாறுகிறது. பல குயவர் குடும்பங்களில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பானை சுமப்பார்கள், சக்கரத்தில் உட்கார்ந்ததில்லை. பலத்தால் சுழற்ற வேண்டிய தேவை போனபின் அவர்களும் வனைகிறார்கள். குலத்தொழிலின் முறை கெட்டது என்று இதைக் கருத இடமில்லை. 63 நாயன்மாரில் ஒருவரான தில்லைக் குயவர் திருநீலகண்டர் அடியார்களுக்குத் திருவோடு கொடுத்ததைத்தான் பெரியபுராணம் தொண்டாகப் போற்றுகிறது. அவர் பெருமை அந்த ஓட்டை யாருக்காக வனைந்தார் என்பதில் இருக்கிறது.

மிஞ்சுவது மண். கருவி மாறினால் பழகிக்கொள்ளலாம், பொருள் மாறினால் கற்றுக்கொள்ளலாம், ஆள் மாறினால் வரவேற்கலாம். மண்ணெடுத்த இடம் மனையாகிவிட்டால், அல்லது ஏரியில் ஒரு வண்டி மண்ணுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தால், அங்கே குயவரிடம் மாறிக்கொள் என்று சொல்வது முதற்காரணத்தை எடுத்துவிட்டுப் பானை கேட்பதாகும். அந்த மாற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வனைபவர் அல்ல. பக்கத்திலுள்ள தமிழ்நாட்டில் ஏரி, குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் மண்பாண்டத் தொழிலாளர் இலவசமாக எடுக்கும் அனுமதி 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே வழங்கப்படுகிறது.