எழுபத்திரண்டில் ஒரு பங்கு

சாரத்தில் என் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் நானூறு சொச்சம் சிப்பாய்களும் முப்பது டாங்கிகளும் இருக்கின்றன. பெரிய செலவில்லை. பாதிப்பேர் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பாக்கெட் கணக்கில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் ஆட்கள். சோப்புத் தண்ணியில் நல்லா கழுவாமல் பெயிண்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும். மீதியில் பெரும்பாலும் 1/72 அளவு. ஆறடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுவான். ரெசின் பொம்மைகள் கொஞ்சம்தான். விலை கூட, கீழே விழுந்தால் துப்பாக்கி முறிந்துவிடும், ஆனால் மீசை தெரியும்.

இந்த வயசுல என்னய்யா விளையாட்டு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். சண்டையை வீட்டில் காட்சிக்கு வைக்கலாமா என்று கேட்டால்தான் திணறுவேன்.

புதுச்சேரிக்காரனுக்குச் சிப்பாய் தூரத்து ஆள் இல்லை. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் இங்கே உண்டு. ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு வரும் கிழவர்களைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். முதல் உலகப்போரில் செத்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்காக 1938-ல் திறந்த நினைவுச்சின்னம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அதன் முன்னால்தான் நாம் செல்ஃபி எடுக்கிறோம், சுண்டல் தின்கிறோம். அது தப்பில்லை என்றால் என் அலமாரி மட்டும் எப்படித் தப்பு?

எச்.ஜி. வெல்ஸும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்தான். தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி ஆடும் விதிகளை 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமாகவே போட்டார். நிஜப் போரை விட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் நிஜப் போர் வந்துவிட்டது. பொம்மை அதைத் தடுக்கவில்லை. பொம்மையால்தான் வந்தது என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். நான் வெகுநாள் அந்த இடத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கூடவே ஒரு சாக்கு: நான் போரைச் சேர்க்கவில்லை, துல்லியத்தைச் சேர்க்கிறேன். எந்த வருஷத்து டாங்கிக்கு எந்தச் சக்கரம், எந்தப் பச்சை என்று ராத்திரி இரண்டு மணி வரை படம் தேடுகிறவன் நான்.

போன வருஷம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர். 2006-ல் படகேறி வந்தவர். அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது. டாங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் டி-55ஐக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். சோவியத் தயாரிப்பு; இலங்கை ராணுவமும் வைத்திருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் அவர் கையில் அதைப் பார்க்கும்வரை, தெரிந்தது என்றால் என்ன என்று யோசித்ததில்லை.

“இது என்ன விலை அண்ணை?”

“அறுநூறு ரூபா.”

உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். கோபம் இல்லை. தொழில்காரர் பார்வைதான்.

“பச்சை பிழை அண்ணை. நாங்கள் கண்டது பச்சையா இருக்கேல்லை. முழுக்கப் புழுதி. பின்னேரம் வெயில்ல மண்ணும் அதுவும் ஒண்டுபோல இருக்கும். சத்தத்தை வைச்சுத்தான் எங்க நிக்குதெண்டு தெரியும்.”

அந்த நொடியில் எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. ஓர் உற்சாகம். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல்! எந்த மாதிரிப் புழுதி, செம்மண்ணா, சுண்ணாம்பு வெளுப்பா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டும்விட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “செம்மண்தான்” என்றார். டாங்கியைக் கவனமாகக் கட்டில் மேல் வைத்தார்.

துல்லியம் என்று இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அந்த மனிதர் ஓடிய மாலைப்பொழுது எனக்கு ஒரு நிறக்குறிப்பு. பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டால் இது சரியாகிவிடுமா என்றால், ஆகாது. கோளாறு பொம்மையில் இல்லையே.

அன்று ராத்திரி பழுப்பும் சிவப்பும் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிட்டேன். சின்ன டப்பாவில் இருக்கிறது. டாங்கியில் அடிக்கவில்லை, டப்பாவைக் கொட்டவும் இல்லை.

மறுநாள் இரண்டாவது கோட் அடிக்க வந்தார். அலமாரிமேல் போர்வை போட்டு மூடியிருந்தேன். பெயிண்ட் தெறிக்காமலிருக்க என்று அவர் நினைத்திருக்கலாம். “சீனி குறைச்சு ஒரு டீ கிடைக்குமோ அண்ணை?” என்று மட்டும் கேட்டார்.