அருகில் நிற்கும் பிராணி

குதிரைக்கும் நம் சமூகத்தாருக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மஃபர் என்றழைக்கப்பட்ட நம் தமிழகக் கரைக்குக் கப்பலேறி வந்தன என்று வஸ்ஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 தீனார் விலை. நடுக்கடலில் செத்துப்போனாலும் அந்த விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நம்மில் ஒரு சாராருக்கு இராவுத்தர் என்னும் பெயர் வந்ததும் குதிரையினால்தான் என்பர். ஆக, செத்த குதிரைக்குக் கணக்கு இருந்தது. அதன் பக்கத்தில் கட்டப்பட்டிருந்த குதிரை என்ன உணர்ந்தது என்பதற்குத்தான் கணக்கில்லை.

இந்த ஜொகூர் பாருவில் நம்மில் பலர் குதிரையைக் காண்பதென்றால் போலோ மைதானத்தின் வேலியோரம் நின்று கண்டால்தான் உண்டு. ஆயினும் மேற்சொன்ன கேள்வி நம்மை விட்டபாடில்லை. ஹஜ்ஜுப் பெருநாள்தோறும் குர்பானித் திடலில், குதிரைக்குப் பதில் மாட்டின் உருவில் அது நம் எதிரே வந்து நிற்கிறது. ஒரு பிராணி இன்னொரு பிராணியின் சாவை அறியுமா? அறியாதெனில் நமக்குக் கடமையே இல்லையா?

குதிரை வளர்ப்போரைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள். சேர்ந்து வாழ்ந்த இரண்டில் ஒன்று செத்தால், மற்றதை உடலருகே சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டுமாம். அது முகர்ந்து பார்க்கும். முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். சற்று நின்றுவிட்டுப் பிறகு தானே விலகிப் புல் மேயத் தொடங்கிவிடும். காட்டாமல் உடலை அகற்றிவிட்டாலோ, நாட்கணக்கில் கனைத்துத் தேடிக்கொண்டிருக்குமாம். இதைத் துக்கம் என்பதா, தேடல் என்பதா? பெயர் வைப்பதில் நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

2008ஆம் ஆண்டில் டென்மார்க், சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். அறுக்கப்பட்ட குதிரைகளின் இரத்தத்தையும், ஓநாய், சிங்கம் ஆகியவற்றின் வாடையையும் பழகிய இடத்தில் குதிரைகளுக்கு முகரக் கொடுத்தார்கள். அவை வழக்கத்தினும் அதிகமாக முகர்ந்து பார்த்தன. ஆனால் இருதயத் துடிப்பு ஏறவில்லை. ஓநாய் வாடையோடு திடீரென ஒரு சத்தமும் சேர்ந்தபோது நிலைமை மாறிற்று. சத்தத்தை மட்டும் கேட்ட குதிரைகளைவிட இவற்றின் துடிப்பு மிகுதியாக ஏறியது. தீனிக்குத் திரும்பவும் அதிக நேரம் பிடித்தது.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, இரத்தத்தைக் கண்டு மிருகம் அஞ்சுவதில்லை, மறைப்பு எதற்கு, திரை எதற்கு?" என்று கேட்கக்கூடிய அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பாதியைத்தான் கேட்டார்கள். மாடுகளின் போக்கை ஆயுள் முழுதும் கவனித்த அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின் அம்மையார், அமைதியாக வரும் மாடு இரத்தம் சிந்திய இடத்திலும் தயங்காமல் நடக்கும் என்கிறார். ஆனால் ஒரு மாடு மிரண்டு தவித்துவிட்டதோ, பின்னால் வருபவை அந்த இடத்தில் கால்வைக்க மறுக்கும். அம்மிரட்சி அதன் சிறுநீரின் வாடையிலேயே மற்றவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. மிரண்ட மாட்டின் துடிப்பு அடங்க 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். சாவு இன்னதென்று அவை அறியுமோ அறியாவோ. தம் இனத்தின் அச்சத்தை நன்றாக அறிகின்றன.

இதை நாமே கண்கூடாகக் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திடலில் ஐந்து மாடுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. முதல் மாட்டை, கைதேர்ந்த ஒருவர் நொடியில் அறுத்து முடித்தார். மற்ற நான்கும் புல்லில் வைத்த வாயை எடுக்கவில்லை. இரண்டாவதைச் சாய்க்க அனுபவமற்ற இளைஞர்கள் முந்திக்கொண்டனர். கயிறு நழுவிற்று; மாடு எழுந்தது; மறுபடி தள்ளினார்கள்; அது கதறியது. அந்தக் கதறலுக்குப் பிறகு மூன்றாவது மாட்டின் கண்ணில் வெள்ளை தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நாமும் இருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டைக் கிடத்திவிட்டு அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்தி தீட்டிய ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. அதை ஒருமுறைக்கு மேல் சாகடிக்க விரும்புகிறாயா என்ற கருத்தில் அக்கண்டனம் அமைந்தது. ஆட்டுக்குச் சாவு விளங்குமா என்ற விசாரணைக்கு அங்கே இடமே இல்லை. ஒரு பிராணியின் கண்முன் இன்னொன்றை அறுப்பதை நம் மார்க்க அறிஞர்கள் வெறுக்கத்தக்கது எனக் கூறியதும் இவ்வழியில்தான். எனவே, "அதற்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர் விடை தெரியாத கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

இடம் போதாது, ளுஹருக்குமுன் இறைச்சியைப் பங்கிட வேண்டும், ஏழு பங்குக்காரரும் காத்திருக்கிறார்கள் என்பன மெய்யான சிரமங்களே. அவற்றை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் மிரண்ட மாட்டோடு மல்லுக்கட்டிப் போன நேரத்தை அன்று யாரும் கணக்கிடவில்லை.

முன்பு நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மாடுகளைக் கட்டடத்தின் பின்புறம் நிழலில் கட்டச் சொல்வார். ஒவ்வொன்றாகத் தாமே அவிழ்த்து, கழுத்தைத் தடவிக்கொண்டே, சுவரைச் சுற்றி மெதுவாக நடத்தி வருவார். அவ்வாறு வரும்போது கத்தி அவர் கையில் இராது. சுவரின் இந்தப் பக்கம், கைலி மடிப்புக்குள் மறைத்து, வேறொருவர் வைத்திருப்பார்.