மழை யாருடையது: தைலமரத் தோட்டமும் விளைச்சலின் உரிமையும்

ஒரு ஹெக்டேர் தைலமரத் தோட்டம் ஆண்டுக்கு எவ்வளவு மரம் தரும் என்பதை முதலில் முடிவுசெய்வது வானம். தேர்ந்தெடுத்த குளோன் கன்று, ஆழ உழவு, உரம், களையெடுப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. பிரேசிலின் வடகிழக்கே பாஹியா மாநிலத்தில், மழை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் ஒரு நிலப்பரப்பில் ஸ்டாப்பே, பிங்க்லி, ரயன் ஆகிய மூவர் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணாகவே காட்டியது. ஆண்டு மழை 100 மி.மீ. கூடும்போது, தரைக்கு மேலே தோட்டம் ஓராண்டில் உருவாக்கும் உயிர்ப்பொருள் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2.3 டன் கூடியது. பின்னர் பிரேசிலின் பல இடங்களில் நடந்த விரிவான சோதனையில், வழக்கமான அளவுக்கு மேல் உரம் இட்டுப் பெரிய பயன் ஏதும் கிடைக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சிய இடங்களிலோ வளர்ச்சி 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. மனிதர் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்த தோட்டத்திலும் எஞ்சி நின்ற குறை தண்ணீர்தான்.

இந்த இடத்தில் ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகிறது. விளைச்சலின் பெரும்பகுதி மழையால் ஆனது என்றால், அந்த விளைச்சல் முழுவதும் நட்டவருக்கே சொந்தமாவது எந்த நியாயத்தால்? மழை பெய்த நிலம் அவருடையது என்பது போதுமான விடையா?

விடை தேடுமுன் மரம் தண்ணீரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இலையிலுள்ள நுண்துளைகள் கரியமில வாயுவை உள்ளே விடுவதற்காகத் திறக்கின்றன. திறந்த துளை வழியே இலையின் ஈரம் ஆவியாக வெளியேறுகிறது. வாயு உள்ளே வராமல் வளர்ச்சி இல்லை. ஈரம் வெளியேறாமல் வாயு உள்ளே வர வழியில்லை. ஒரு கிலோ மரம் உருவாகச் சில நூறு லிட்டர் தண்ணீர் இப்படிக் காற்றோடு போகிறது. காற்று வறண்டு சூடேறும்போது அதே அளவு வாயுவுக்கு மரம் இன்னும் கூடுதலான ஈரத்தை இழக்க நேர்கிறது. இழப்பு எல்லை மீறினால் துளைகளை மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆகவே மழையின் அளவு மட்டும் போதாது. அது எந்த மாதங்களில் பெய்கிறது, கோடை எவ்வளவு நீள்கிறது, மண் எவ்வளவு ஆழத்துக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பனவும் விளைச்சலில் சேரும்.

வெப்பம் இனத்துக்கு இனம் வேறுபட்ட வரம்பை இடுகிறது. டாஸ்மேனியாவிலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் தோன்றிய நீலகம் என்ற தைலமர இனம் நீலகிரியின் குளிரில் செழிக்கிறது. சமவெளி வெயில் அதற்கு ஒவ்வாது. அங்கே நிற்பது வறட்சியைத் தாங்கும் வேறு இனமும் அதன் கலப்புகளும்தான். மழை மிகுந்தாலும் கேடுதான்: கேரளத்தின் கனமழைப் பகுதிகளில் தைலமரத் தோட்டங்களை இளஞ்சிவப்புப் பூஞ்சை நோய் பெருமளவில் தாக்கியது. காற்றில் கரியமில வாயு கூடுவதால் மரங்கள் தாமாகவே வேகமாக வளரும் என்ற நம்பிக்கையும் உறுதியற்றது. சிட்னிக்கு மேற்கே முதிர்ந்த தைலமரக் காடொன்றில் கூடுதல் வாயுவைச் செலுத்திப் பார்த்தபோது, மணிச்சத்து குறைந்த அந்த மண்ணில் மரத்தின் வளர்ச்சி கூடவில்லை.

உரிமை பற்றிய கேள்விக்கு மேற்கத்தியச் சிந்தனையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற விடை ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட அரசியல் நூலில் இருக்கிறது. இயற்கை எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் உழைப்பை அதனோடு கலக்கும்போது அது அவருடையதாகிறது என்பது அவர் வாதம். ஊற்றில் ஓடும் நீர் எல்லோருடையதாக இருக்கலாம், குடத்தில் மொண்ட நீர் மொண்டவருடையதே என்று அதற்கு எடுத்துக்காட்டும் தருகிறார். ஒரு நிபந்தனையும் வைக்கிறார்: எடுத்தது போக மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரமும் எஞ்சியிருக்க வேண்டும். ஆறு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வயிறாரக் குடித்தார் என்று யாரும் புண்பட மாட்டார்கள் என்பது அவர் கருத்து. நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு, பல இடங்களில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு, உழைப்பால் வந்தது என்றும் அவர் கணக்கிட்டார்.

தைலமரத் தோட்டம் இந்த வாதத்தின் இரண்டு கால்களையும் அசைக்கிறது. உழைப்பின் பங்கு பற்றிய கணக்கு பாஹியாவிலேயே தடுமாறுகிறது: ஒரே வகை உழைப்பு, ஒரே வகைப் பராமரிப்பு, மழை குறைந்ததும் விளைச்சலும் குறைந்தது. எஞ்சியிருக்க வேண்டிய ஆற்றைப் பற்றிய நிபந்தனையோ இன்னும் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. புல்வெளி, புதர்க்காடு, விளைநிலம் ஆகியவற்றில் தோட்ட மரங்கள் நட்ட நீர்ப்பிடிப்புகளின் அளவீடுகளை உலகெங்குமிருந்து திரட்டி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, நீரோட்டம் சராசரியாக ஆண்டுக்கு 227 மி.மீ., அதாவது 52 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. 13 விழுக்காடு ஓடைகள் குறைந்தது ஓராண்டாவது முற்றிலும் வறண்டன.

நீலகிரியில் இதற்கு நெருக்கமான சான்று உண்டு. கிளன்மார்கனில் புல்வெளியும் சோலையும் கலந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை உதகை மண்வள ஆய்வு மையம் 1968 முதல் அளந்துவந்தது. 1972-இல் அவற்றில் ஒன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் நீலகம் நடப்பட்டது. மற்றது இருந்தபடியே விடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில், நட்ட பக்கத்தின் நீர் வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி மறுதாம்பு விட்ட இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. வேர் ஏற்கெனவே ஊன்றியிருந்ததால் துளிர்கள் முதல் ஆண்டிலிருந்தே முழு வேகத்தில் குடித்தன. புல் குளிர்காலத்தில் காய்ந்து ஓய்வெடுக்கும். பசுமை மாறாத மரத்துக்கு அந்த ஓய்வு இல்லை. மலையின் ஓடைகள் கீழே மின் நிலையங்களுக்கும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் போகின்றன என்பதால், இந்த எண்கள் தோட்டத்தின் எல்லைக்குள் முடிந்துவிடும் கணக்கல்ல.

தென்னாப்பிரிக்காவின் மொகோபுலான் சோதனை இதைவிடவும் கவலை தருவது. புல்வெளியாயிருந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்பு முழுவதும் 1969-இல் தைலமரம் நடப்பட்டது. ஒன்பதாம் ஆண்டில் ஓடை முழுவதும் வறண்டது. பதினாறு வயதில் மரங்களை மொட்டையாக வெட்டிய பிறகும் ஓடை உடனே திரும்பவில்லை. ஐந்து ஆண்டுகள் ஆயின. மரங்கள் அந்தந்த ஆண்டின் மழையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, நெடுங்காலமாக மண்ணுக்குள் சேர்ந்திருந்த ஈரத்தையும் எடுத்திருந்தன. காலியான இருப்பு நிறைந்த பிறகே ஓடைக்குப் பங்கு கிடைத்தது. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் ஆழமான மண்ணில் செய்த அளவீடுகளிலும் இதே நிலைதான்: இளம் தைலமரங்கள், பெய்த மழையைக் காட்டிலும் கூடுதலான நீரைச் செலவிட்டிருந்தன. வேர்கள் ஆண்டுதோறும் புதிய ஆழத்துக்கு இறங்கி, அங்கே தேங்கியிருந்த ஈரத்தைத் தொட்டதே காரணம்.

லாக்கின் எடுத்துக்காட்டில் ஆறு கண்முன்னே ஓடுகிறது. எஞ்சியிருப்பதை எல்லோரும் பார்க்கலாம். மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை. அதை எடுத்தவருக்கும் அதன் குறைவை அனுபவிப்பவருக்கும் இடையே பத்தாண்டு, இருபதாண்டு இடைவெளி விழுகிறது. முதல் சுழற்சியின் உயர்ந்த விளைச்சல் முந்தைய தலைமுறைகளின் மழையை விற்ற பணம். அது அடுத்த சுழற்சிக்குக் கிடைக்காது, அடுத்தவருடைய கிணற்றுக்கும் கிடைக்காது. எஞ்சியவர்களுக்குப் போதுமானது உண்டா என்ற கேள்வியை இன்று வாழ்பவர்களை மட்டும் வைத்துக் கேட்டால் இங்கே தவறான விடையே வரும்.

சட்டங்கள் இதில் இரு வேறு வழிகளில் போயிருக்கின்றன. தன் நிலத்தின் அடியில் திட்டமான பாதையில் ஓடாத நீரையெல்லாம் எல்லைக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்கு ஏற்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டமோ, வணிகத்துக்காக மரத்தோட்டம் வைப்பதையே நீரோட்டத்தைக் குறைக்கும் செயல் என்று அறிவித்தது. ஒரு சொட்டுகூடப் பாய்ச்சாமல் மழையை மட்டும் நம்பி மரம் வளர்ப்பவரும் அங்கே நீரைப் பயன்படுத்துபவராகிறார். அதற்கு அவருக்கு அனுமதி வேண்டும். வேர் எடுத்த நீரும் மோட்டார் எடுத்த நீரும் கீழ்நிலத்தாருக்கு ஒரே இழப்பு என்பதால், இந்த இரண்டாம் வழியே நியாயத்துக்கு நெருங்கியது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை எளிதாக ஒதுக்கத்தக்கவை அல்ல. இயற்கைக் காடும் தண்ணீர் குடிக்கிறது. கரும்பும் நெல்லும் குடிக்கின்றன. தைலமரத்தை மட்டும் ஏன் குற்றவாளி ஆக்க வேண்டும்? மரத்துக்குக் குற்றம் இல்லை என்பது உண்மை. அது தன் இயல்பைச் செய்கிறது. எங்கே நடுவது என்ற தேர்வு மனிதருடையது. கர்நாடகத்தில் 1980-களில் மானாவாரி நிலத்தில் தைலமரத்துக்கு மாறிய விவசாயியின் தேர்வையும், மலைப் புல்வெளிகளை ஆலைகளின் மரக்கூழுக்காக மாற்றிய அரசின் தேர்வையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. கூலி ஆள் கிடைக்காத, மழை பொய்த்தால் கேழ்வரகும் பொய்க்கும் நிலத்தில், சாகாத ஒரு மரம் அந்தக் குடும்பத்துக்குக் காப்பாக இருந்தது.

திறன் பற்றிய வாதம் இன்னும் நுட்பமானது. பாஹியா ஆய்வில் மழை மிகுந்த இடங்களின் மரங்கள் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் அதிக மரத்தை உருவாக்கின. ஆகவே உலகுக்குத் தேவையான கூழை ஈரமான இடங்களில், குறைந்த பரப்பில் விளைவிப்பதே நீருக்கு நல்லது என்று முடிவாகிறது. இந்த முடிவு சரியானது. ஆனால் ஒரு லிட்டருக்கு எவ்வளவு மரம் என்பது ஆலையின் கேள்வி. மொத்தத்தில் எவ்வளவு நீர் எஞ்சுகிறது என்பது ஓடையின் கேள்வி. ஒரே தோட்டம் முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தவறலாம்.

இந்தியச் சமய மரபு இந்தச் சிக்கலை உடைமையின் மொழியில் பேசாமல் கடனின் மொழியில் பேசுகிறது. பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயம் மழை, உணவு, உயிர், வேள்வி ஆகியவற்றை ஒரு சக்கரமாகக் காண்கிறது. பெற்றதைத் திருப்பித் தராமல் நுகர்பவரைத் திருடர் என்றே அழைக்கிறது. திருக்குறள் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை வான்சிறப்புக்குத் தந்து, அறமே மழையை நம்பி நிற்பதாகக் காட்டுகிறது. நீலகிரியின் தோடர் பழங்குடியினருக்கு இது கோட்பாடாக அன்றி வாழ்வாகவே இருந்தது. அவர்களுடைய வழிபாடு எருமைகளையும் பால்மனைக் கோயில்களையும் மையமாகக் கொண்டது; எருமை மேய்வதும் கோயில் கூரைக்குப் புல் கிடைப்பதும் மலைப் புல்வெளியில்தான். அந்தப் புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று வகைப்படுத்தி மரம் நட்டபோது, ஒரு சமூகத்தின் புனித நிலம் விளைச்சல் பட்டியலில் பூஜ்யமாக எழுதப்பட்டது.

பொருளியலுக்குள் நின்றே இதைச் சொன்னவர் காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா. சிறையில் இருந்தபோது எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் இயற்கையின் வாழ்முறைகளை அவர் வகுத்தார்: ஒட்டுண்ணி வாழ்வு, பறித்து வாழ்வு, உழைத்து வாழ்வு, கூடி வாழ்வு, தொண்டு வாழ்வு. தைலமரத் தோட்டம் இவற்றில் எதில் சேரும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, காலநிலையைச் சொல்லாமல் விடை இல்லை. மழை மிகுந்து ஓடை ஆண்டு முழுவதும் ஓடும் இடத்தில் அது உழைத்து வாழ்வது. அதே கன்று, அதே முறை, மழை குன்றிய நீர்ப்பிடிப்பின் தலையில் நின்றால் பறித்து வாழ்வதாகிறது. செயலின் நன்மை தீமை செய்பவரின் எண்ணத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தின் வானத்திலும் இருக்கிறது.

வானம் மாறிக்கொண்டிருக்கும்போது இதன் பொருள் கடுமையாகிறது. 20 ஆண்டுகளுக்கு முன் நியாயமாக நட்ட தோட்டம், வெப்பம் ஏறிக் கோடை நீண்டபின், உரிமையாளர் எதையும் மாற்றாமலே மற்றவர் பங்கை எடுப்பதாகிவிடலாம். ஒருமுறை பெற்ற உரிமை என்றென்றைக்கும் செல்லும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் நீர் உரிமம் 40 ஆண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. அதையும் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய இடம் உண்டு. அப்படிப் பரிசீலிக்கும்போது ஆண்டுச் சராசரியைப் பார்ப்பது போதாது. மழைக்காலத்தில் எல்லா ஓடையும் ஓடும். கோடையின் கடைசி வாரங்களில், மரமும் கீழ்நிலத்தாரும் ஒருங்கே அதே ஈரத்தை நாடும் நாட்களில், ஓடையில் எவ்வளவு நீர் இருந்தது என்பதே அளக்க வேண்டியது.